டோக்கனுக்கும் டாக்டருக்கும் நடுவில்

திருச்சியிலிருந்து சேலம் போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயில் கொண்ட ஊர். மனம் பேதலித்தவர்களை அங்கே கூட்டிப்போய் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். உச்சிகால பூஜையிலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். கூட வந்த அம்மாவோ அண்ணனோ அத்தனை நாளும் உடனிருப்பார்கள். சமைப்பார்கள், துவைப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மாவிடம் தன் கதையைச் சொல்லி அழுவார்கள்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் மனசு சரியில்லை என்றால் நம்மூர்க் குடும்பங்களுக்குத் தெரிந்த பாதை அநேகமாக இதுதான். முதலில் வேப்பிலை, மந்திரிப்பு, தாயத்து. அதில் கேட்கவில்லை என்றால் குணசீலம், சோளிங்கர், ஏர்வாடி. அதிலும் தீரவில்லை என்றால், அக்கம்பக்கத்தில் மூச்சு விடாமல், சென்னைக்கு ரயில். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்த மனநல மருத்துவமனைதான் அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம். அங்கே போய்வந்தவருக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்பது பழைய நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பயந்தே பாதிப்பேர் கடைசி நிறுத்தம் வரை வரமாட்டார்கள்.

ஆக, வைத்தியத்துக்காகக் காத்திருப்பது என்பது மனநலத்தில் புதிய விஷயமே கிடையாது. அன்று அதற்குக் காத்திருப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். வைத்தியம் எங்கே கிடைக்கும் என்றே தெரியாதவர் எதற்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியும்? ஆனால் அந்த இடைவெளியை யாரோ ஒருவர் நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படி நிரப்பினார்கள் என்பதில் இரண்டு கோடிகள் உண்டு. இரண்டுக்கும் தமிழ்நாட்டிலேயே ஆவணம் இருக்கிறது.

முதலாவது நல்ல கோடி. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் ஒரு முத்துசாமி கோயில். அங்கு வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் மற்றவர்களும் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். பேயோட்டுவது, உடுக்கை அடிப்பது எல்லாம் அங்கே கிடையாது. காலையில் ஒரு சின்ன வழிபாடு, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள். வீட்டாள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். காசு வாங்குவதில்லை. போகும்போது அளந்து பார்த்ததில் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை இல்லாமல்! சாமி சக்தி என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லவில்லை, சும்மா தற்செயல் என்றும் தள்ளிவிடவில்லை. ஆதரவான ஓர் இடம், அடித்து உதைக்காத மனிதர்கள், அன்றாடம் செய்ய ஒரு வேலை. இவை தம்மளவில் நோயைக் கொஞ்சம் தணிக்கின்றன என்றார்கள்.

இரண்டாவது கோடி ஏர்வாடி. தர்காவைச் சுற்றி உரிமம் இல்லாமல் முளைத்த காப்பகங்களில் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். வீடு திரும்பலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லி வீட்டாரால் விடப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதன்பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, அரசு முழித்துக்கொண்டது.

சரி, இன்றைக்கு வருவோம்.

இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாடு முழுக்க நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி. குணசீலம் இருக்கும் அதே திருச்சி. கால் நூற்றாண்டில் அது தமிழகம் முழுக்கப் பரவிவிட்டது. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடலாம், மாத்திரையும் இலவசம். இது சின்ன மாற்றமில்லை. ஆனால் அந்த நடைபாதையில் ஒரு மணிநேரம் நின்று பார்த்தால் நெரிசல் எங்கே என்று புரிந்துவிடும். மாத்திரை தீர்ந்து வாங்க வந்தவர்கள், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வந்தவர்கள், போலீஸ்காரர் கூட்டிவந்த ஒருவர், குடியை நிறுத்த வந்த நான்கு பேர். மருத்துவர் தலைநிமிர நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மாத்திரை எழுதியாகிவிட்டது. பேசித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். “கவுன்சலிங்குக்கு அடுத்த வாரம் வாங்கம்மா” என்பார். அடுத்த வாரம் போனால் உளவியலாளர் முகாமுக்குப் போயிருப்பார். அதற்கடுத்த வாரம் கல்லூரியில் செமஸ்டர்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள்தான் என்று 2019-இல் ஒரு கணக்கு வந்தது. குறைந்தது மூன்று பேராவது வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சை தரத் தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் அதைவிடவும் அரிது. இரண்டாண்டு எம்.பில். முடித்து இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தால்தான் அந்தப் பெயர் என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த விதி. அதற்கு இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளில். தனியாரிடம் போகலாம். ஒருமுறை உட்கார்ந்து பேச ஆயிரம், ஆயிரத்து ஐநூறு, அதற்கும் மேலே. ஆறு முறை போக வேண்டுமென்றால் ஒரு தையல் தொழிலாளிக்கு மாதச் சம்பளமே போய்விடும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான தொல்லைகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்றது. அந்த 85-இல் வழி தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வழி தெரிந்து வாசல்வரை வந்து “அடுத்த வாரம்” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

திருப்பி அனுப்புவதில் ஒரு தீங்கு ஒளிந்திருக்கிறது. உளவியல் சிகிச்சைகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் ஒரு பகுதியினரைக் “காத்திருங்கள், உங்கள் முறை வரும்” என்று பட்டியலில் வைப்பார்கள். ஜப்பானிய மனநல மருத்துவர் ஃபுருகாவாவும் கூட்டாளிகளும் மனச்சோர்வுக்கான இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தச் சிகிச்சையும் தராமல் விடப்பட்டவர்களைக் காட்டிலும், காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள் மோசமாக இருந்தார்கள். காரணம் என்னவாக இருக்கலாம்? ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தவர் தானே எதையாவது செய்து பார்க்கிறார். நண்பனிடம் பேசுகிறார், நடக்கப் போகிறார். சிகிச்சை வரப்போகிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பவர் எல்லாவற்றையும் அந்தத் தேதிக்கு ஒத்திவைத்துவிடுகிறார். முத்துசாமி கோயிலில் செடிக்குத் தண்ணீர் விட்டவர்கள் எதையும் ஒத்திவைக்கவில்லை என்பது இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறது.

காத்திருப்பவரிடம் பேச்சுக்கொடுப்பதே பாதி வைத்தியம் என்று காட்டியவர் மருத்துவர் அல்லர். லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார். தற்கொலை எண்ணம் கொண்டவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று 1953 நவம்பரில் ஒரு தொலைபேசியை அறிவித்தார். பத்திரிகைகளில் செய்தி வந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நேரிலும் வந்தார்கள். அவர் ஒருவரே எத்தனை பேரைப் பார்ப்பார்? வந்தவர்கள் வெளியறையில் உட்கார வேண்டியதாயிற்று. உதவிக்கு வந்த சாதாரண ஆட்கள், தொண்டர்கள், அவர்களுக்கு டீ கொடுத்துச் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் சாட் வாரா ஒன்றைக் கவனித்தார். வெளியறையில் மனம்விட்டுப் பேசிய பலருக்கு, உள்ளே வந்து தன்னைப் பார்க்கும் அவசியமே இல்லாமல் போயிருந்தது. 1954 பிப்ரவரியில் தொலைபேசியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு அப்படித்தான் பிறந்தது. காத்திருப்பு அறையே சிகிச்சை அறையானது என்று சொல்லலாம்.

அந்த மரபில் இலங்கையில் 1974-இல் சுமித்ரயோ வந்தது. சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சினேகாவைத் தொடங்கினார். அன்று வீட்டுக்கு வீடு போன் இல்லை. டெலிபோன் கேட்டு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். தெருமுனைக் கடையில் காசு கொடுத்து, பின்னால் நிற்பவர் காதில் விழாமல், அழுகையை அடக்கிக்கொண்டு எத்தனை நேரம் பேச முடியும்? ஆகவே பலர் நேரில் வந்தார்கள், கடிதம் எழுதினார்கள். எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் இல்லத்தரசிகள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள். அறிவுரை சொல்லக்கூடாது என்பதுதான் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம். நம்மூர் ஆட்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான பாடம் என்று சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட “இதுக்கெல்லாமா கவலைப்படுவாங்க” என்று ஆரம்பித்துவிடுவார்.

தொண்டர்கள் பேசுவது ஆறுதல், அதில் பலன் உண்டா என்று எப்படி அளப்பது? சென்னையும் கொழும்பும் சேர்ந்து பங்கேற்ற ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அதைச் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடத்தியது. முடிவு 2008-இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்தவர்கள் 1,867 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப்பேருக்கு அதோடுகூட, மருத்துவமனையை விட்டுப் போகும் நேரத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதத்துக்குள் ஒன்பது தடவை தொடர்பு கொண்டார்கள். போனிலோ வீட்டுக்கே போயோ, “எப்படி இருக்கீங்க” என்று கேட்டார்கள். தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு வழி காட்டினார்கள். அவ்வளவுதான். 18 மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். ஒன்பது விசாரிப்புகள் பெற்றவர்களில் 0.2 சதவீதம். மனநல மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைத்த இன்னொரு ஏற்பாட்டைச் சொல்வது கடினம். இந்த ஒன்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில், மருத்துவரிடம் வர முடியாதவர்களுக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பஸ் ஓடியது. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் 2010-இல் விட்ட பஸ். உள்ளே ஒரு டிவி, கேமரா, மருந்து அலமாரி. கிராமத்தில் நிறுத்தினால் நோயாளி ஏறி உட்காருவார். திரையில் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். மருந்தை பஸ்ஸிலேயே வாங்கிக்கொண்டு இறங்கலாம். மனச்சிதைவு உள்ள மகனை ஐந்து மணிநேரம் பஸ்ஸில் வைத்துக்கொண்டு பட்டணம் போகவேண்டிய பெற்றோருக்கு அது என்ன நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்குத் தெளிவான விதிகள் இந்த நாட்டில் 2020 மார்ச் 25 வரை இருக்கவில்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. பத்து வருடமாகச் செய்யத் தயங்கியதை ஒரு கிருமி ஒரு வாரத்தில் செய்யவைத்தது.

அடுத்த வருடமே தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. 2021 செப்டம்பரில் நீட் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாணவர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திராமல், தேர்வு எழுதிய லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணின் ஆலோசகர்களே போன் போட ஏற்பாடு செய்தது அரசு. நம்பர் கொடுப்பது ஒன்று, நாமே கூப்பிடுவது வேறொன்று. அரசு எந்திரம் இரண்டாவதைச் செய்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, டெலிமானஸ் தொடங்கியது. எண் 14416. நிம்ஹான்ஸ் தலைமையில் நாடு முழுக்க 20 மொழிகளில் பேசும் சேவை. அதே மாதம் தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் வந்தது. 24 மணிநேரமும் உண்டு, கட்டணம் இல்லை. முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் ஆகாது என்றால் மனநல மருத்துவரிடம் மாற்றுவார். நேரில் பார்க்க வேண்டியவரை மாவட்ட மனநலக் குழுவுக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார். 2025-க்குள் நாடளவில் 20 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள். 2024 அக்டோபரில் வீடியோவில் பார்க்கும் வசதியைச் சோதனையாகத் தொடங்கிய மூன்று இடங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அப்படியோர் அழைப்பு எப்படிப் போகும்? ஆரணியில் பட்டுத்தறி வீட்டுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினொன்று. மொட்டை மாடி. துணி எடுக்கப்போகும் சாக்கில் வந்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் போய்க்காட்டி மாத்திரை வாங்கியாகிவிட்டது, பேச்சு சிகிச்சைக்கு இன்னும் தேதி வரவில்லை.

“சொல்லுங்கம்மா, கேட்டுட்டுதான் இருக்கேன்.”

“என்னன்னு சொல்றது மேடம். எதுவும் ஓட மாட்டேங்குது. அழுகையா வருது.”

“எத்தனை நாளா?” “தூக்கம் எப்படி இருக்கு?” “சாப்பிட்டீங்களா இன்னைக்கு?” இந்தச் சாதாரணக் கேள்விகளுக்குப் பிறகு, குரலை மாற்றாமல் ஆலோசகர் கேட்பார்: “செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நம்மில் பலருக்குப் பயம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நேராகக் கேட்கப்படுவது பெரும்பாலும் பாரத்தை இறக்கிவைக்கவே உதவுகிறது. “தோணும் மேடம். பசங்க மூஞ்சியப் பாத்தா போயிடும்” என்கிறார் அவர். உடனே அன்றைய ராத்திரிக்கு ஒரு ஏற்பாடு: எண்ணம் அதிகமானால் யாரை எழுப்புவது, அக்காவையா பக்கத்து வீட்டுக்காரரையா, அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்து யார், வீட்டில் ஆபத்தான பொருள் ஏதாவது இருந்தால் யார் கையில் கொடுப்பது. பெயரோடு, நம்பரோடு எழுதச் சொல்வார்.

பிறகுதான் கவலை. குழு லோன் வாராவாரம் கட்ட வேண்டும், தறி ஓடவில்லை, வீட்டுக்காரர் குடி. எல்லாம் ஒரே மூட்டையாகத் தலையில் உட்கார்ந்திருக்கிறது. “இதுல இந்த வாரத்துக்குள்ள நம்மால அசைக்க முடியிறது எதும்மா?” குடியை அசைக்க முடியாது. குழுத் தலைவியிடம் போய் ஒரு தவணையைத் தள்ளிவைக்கக் கேட்க முடியும். எப்போது கேட்பது? வியாழக்கிழமை. என்ன சொல்லிக் கேட்பது? அதையும் போனிலேயே ஒருமுறை சொல்லிப்பார்ப்பார்கள். காலையில் பால் வாங்கப் போகும்போது கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அழுகை வந்தாலும் பரவாயில்லை. ராத்திரி படுக்கையில் போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது. அரைமணி நேரத்தில் இவ்வளவுதான் முடியும்.

இது முழுச் சிகிச்சை இல்லை என்பது ஆலோசகருக்கும் தெரியும். ஆனாலும் பிரச்சினைகளைப் பிரித்துப் பார்ப்பது, முடங்கிக் கிடப்பவரைச் சின்ன வேலைகளில் இறக்கிவிடுவது, ஆபத்து நேரத்துக்கு முன்கூட்டியே திட்டம் எழுதிவைப்பது என்ற மூன்றுமே பரிசோதித்துப் பார்க்கப்பட்ட முறைகள். டாக்டர் பட்டம் இல்லாதவர்களும் கற்றுக்கொண்டு செய்ய முடியும் என்பதைக் கோவாவின் சங்கத் நிறுவனம் மனச்சோர்வுக்காகச் செய்து காட்டியிருக்கிறது. ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் முடியும் அவர்களுடைய சிகிச்சையின் முடிவுகள் 2017-இல் லான்செட்டில் வந்தன. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் மருத்துவமனைக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து இதையே செய்கிறார்கள்.

இந்த ஆரணிப் பெண்ணுக்கு ஒரு வாரம் கழித்து மறு அழைப்பு போக வேண்டும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. போன் அடிக்கிறது. தெரியாத நம்பர். லோன் வாங்கியவர்களுக்குத் தெரியாத நம்பர் என்றால் யாரென்று தெரியும், வசூல்காரர். எடுக்க மாட்டார். எடுத்தாலும் அந்த நேரத்தில் மாமியார் பக்கத்தில் இருப்பார், “ராங் நம்பர்” என்று வைத்துவிடுவார். சில வீடுகளில் போனே கணவருடையது. யாருக்கு மறு அழைப்பு அதிகம் தேவையோ அவர்தான் எடுக்க முடியாத நிலையில் இருக்கிறார். குணசீலத்தில் 48 நாள் கூடவே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் பக்கத்திலேயே இருந்தார். அன்றிருந்து இன்றைக்கு நாம் இழந்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன். மற்றபடி அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படுபவர்கள் ஏர்வாடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இங்கிலாந்தில் பேச்சுவழிச் சிகிச்சையை அரசே தரும் பெரிய திட்டம் 2008-இல் தொடங்கியது. போன் மூலம் தரும் லேசான சிகிச்சைக்கு அங்கே பெரிய இடம் உண்டு. நான்கில் மூன்று பேருக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு, அதைத் தவறாமல் எட்டிவிடுகிறார்கள். ஆனால் முதல் சந்திப்பு முடிந்தவர் இரண்டாவதற்கு மாதக்கணக்கில் காத்திருப்பது நடக்கிறது. முதல் சந்திப்போடு கணக்கில் ‘தொடங்கியாயிற்று’ என்று விழுந்துவிடும். அதனால் அந்த இரண்டாவது காத்திருப்பு இலக்கில் தெரியாது, மறைந்தே இருக்கும். நம்முடைய 20 லட்சம் அழைப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்பதைத்தான் அறிவிப்புகளில் பார்க்கிறோம். கூப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது தடவை போன் போனது, மருத்துவமனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே எத்தனை நாளில் உளவியலாளரைப் பார்த்தார்கள் என்ற கணக்கை மாவட்டவாரியாக மாதாமாதம் வெளியிட்டால்தான் அந்த முதல் அழைப்பு என்ற பாலத்துக்கு அந்தப்பக்கம் கரை இருக்கிறதா என்று தெரியும். சட்டசபையில் ஓர் உறுப்பினர் கேட்டாலே போதும், வெளியே வந்துவிடும்.

சென்னையும் கொழும்பும் சேர்ந்து காட்டிய ஆய்வில் உயிரைக் காப்பாற்றியது முதல் நாள் பேச்சு மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் வந்த ஒன்பது விசாரிப்புகளும் சேர்ந்துதான். 14416 இன்று முதல் பேச்சை நன்றாகவே செய்கிறது. பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், நடுராத்திரியில் தமிழில் பேச ஒருவர் கிடைக்கிறார் என்பது என் பாட்டி காலத்தில் கற்பனைக்குக்கூட எட்டாதது. அந்த ஒன்பதையும் முறையாகச் செய்ய ஆள் போட வேண்டும், அழைப்பு எந்த எண்ணிலிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் கூப்பிட்டால் அந்தம்மாவால் பேச முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காசு அதிகம் பிடிக்கும் வேலைகள் இல்லை இவை.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இப்போது தேதிக்காகக் காத்திருந்தால், அந்தத் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 14416, அல்லது 104. இலங்கையில் 1926. கூப்பிட்டுப் பேசி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். அடுத்து எப்போது, எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் அழைப்பு வரவில்லை என்றால் மறுபடி நீங்களே கூப்பிடுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.